நடு முதுகில் விழுந்த நட்டு

வெல்டருக்குக் கை முந்தும். வாய் சாவகாசமாகப் பின்னால் வந்து சேரும். பதினாறு வயதில், தன்னை பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்த அப்பனைத் திருப்பி ஒரு அறை விட்டான். அப்பன் கதவு நிலையில் மண்டை மோதி விழுந்தார். அன்றே கட்டிய துணியோடு வீட்டைவிட்டுக் கிளம்பினான். அப்பன் பிழைத்துக்கொண்டார். ஆனால் அடித்தால் எதிராளி அடங்கிவிடுகிறான் என்ற பாழாய்ப்போன பாடம் பையன் மண்டையில் ஏறிவிட்டது. அதை வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டினான். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு முறைத்தவன், வரிசையில் நடுவில் புகுந்தவன், வாடகை வீட்டுப் படியில் நின்று அவன் மனைவியை ஒரு மாதிரி பார்த்தவன் என்று அவன் கையின் கனம் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய.

பட்டறையில் தகரம் தட்டுகிற டிங்கரோடு பழக்கம் ஏற்பட்டதே ஒரு குத்தில்தான். நசுங்கிய கார்களை நிமிர்த்துகிற பட்டறை அது. நாலு பேர் தகரத்தில் சுத்தியலைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒருவன் கிரைண்டரைப் பிடித்திருப்பான். அங்கே கத்தினால் தொண்டைதான் கிழியும், ஒருத்தரும் திரும்ப மாட்டார்கள். அதனால் காலடியில் கிடக்கிற பழைய நட்டு ஒன்றை எடுத்து முதுகில் எறிவார்கள். ஆள் திரும்புவான், சைகையில் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள், வேலை நடக்கும். டிங்கருக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. வெளியே எங்கே போனாலும் அவன் ஒருவன்தான் செவிடு. பட்டறைக்குள் அத்தனை பேரும் செவிடு. ஊரிலேயே அவன் நிம்மதியாக இருந்த இடம் அதுதான்.

இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளன்று வெல்டருக்கு யாரும் சொல்லவில்லை. குந்தியபடி ஒரு கார்க் கதவுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவனின் நடு முதுகில் சுரீரென்று ஒரு நட்டு விழுந்தது. திரும்பினால், ஒல்லியாக ஒருவன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ காட்டுகிறான். புது ஆளென்று வம்புக்கு இழுக்கிறான் போல என்று எழுந்து போய் மூக்கில் ஒன்று விட்டான். எலும்பு முறிந்ததைக் கைவிரல் கணுவிலேயே உணர்ந்தான். டிங்கர் மல்லாந்து விழுந்தான். வாயெல்லாம் ரத்தம். திருப்பி அடிக்கவில்லை, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் வெல்டருக்குப் பின்னால் காட்டினான். கேஸ் குழாய் எரிந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. மூக்கு உடைந்தவனே எழுந்து ஓடி மணல் வாளியைக் கவிழ்த்தான். உடைத்தவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

சாயங்காலம் வெல்டர் டிங்கரின் அறைக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டாலும் அந்தக் காதில் விழாது. சுவரோரமாகக் குற்றவாளிபோல நின்றான். டிங்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். எங்கே போனாலும் பையில் ஒன்றிரண்டு நட்டு வைத்திருப்பான். அதில் ஒன்றை எடுத்து வெல்டரின் நெஞ்சில் எறிந்துவிட்டு, கட்டுப் போட்ட மூக்கோடு சிரித்தான். அந்த மூக்கு கடைசிவரை நேராகவே இல்லை. பத்து வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் வெல்டர் தன் விரல் கணுவைத் தடவிக்கொள்வான்.

அதற்காகவோ என்னவோ, டிங்கரை யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், இவனுக்குப் பேய் பிடித்துவிடும். போன வருடம் டீக்கடையில் ஒருவன் டிங்கரைப்போல வாயைக் கோணி ஊளையிட்டுக் காட்டினான். வெல்டர் அவன் கையை பெஞ்சில் வைத்து முறித்துவிட்டான். இரண்டு நாள் லாக்கப். அங்கே அவன் ஒன்றைக் கண்டுகொண்டான். போலீஸ் கேட்டதற்குப் பதில் உடனே வர வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் உள்ளங்காலில் அடி விழும். இந்த இடத்தில் டிங்கர் மாட்டினால் என்ன ஆவான் என்று நினைத்ததும் உள்ளங்கால் வலியே அவனுக்கு மறந்துபோனது. இன்ஸ்பெக்டர் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

"ஒரு வருஷம் எவன் மேலயும் உன் கை படக்கூடாது. பட்டுச்சுன்னா இந்தக் கேஸை தூசி தட்டி எடுத்து உள்ள தள்ளிருவேன். புரியுதா?"

வெல்டரின் மனைவி இன்னும் கறாராகச் சொன்னாள். "இன்னொரு தடவை ஸ்டேஷன்ல வந்து நிக்க என்னால ஆகாதுங்க. பொண்ணக் கூட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். சும்மா மிரட்டுறேன்னு நெனைக்காதீங்க." மறுநாளிலிருந்து காலண்டரில் தினமும் ஒரு தேதியைப் பென்சிலால் அடித்தாள். வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினான். ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் பத்தொன்பது தேதிகள் பாக்கி இருந்தன.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பள்ளிக்கு நிதி திரட்ட வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற விழிப்புணர்வு ஓட்டம், பத்து கிலோமீட்டர். போன தடவை டிங்கர் ஆசையோடு போனான். மேடைக்கு முன்னால் இருநூறு அடி நடக்கவிட்டு, பதக்கம் மாட்டி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்த்திவிட்டார்கள். கையில் ஒரு டம்ளர் ஜூஸ். அவனுக்காக மற்றவர்கள் ஓடினார்கள். தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்கு வருகிற மனிதனை உட்காரவைத்துவிட்டு, தெருமுனை வரை ஓடினாலே மூச்சிரைக்கிற தொப்பைகள் எல்லாம் ஓடின. மறுநாள் டிங்கர் அந்தப் பதக்கத்தைப் பட்டறையில் வைத்து அப்பளமாகத் தட்டிவிட்டான்.

இந்த வருடம் முழு ஓட்டமும் ஓடுவேன் என்று பிடிவாதம். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. வெல்டர்தான் கூடப் போய்ப் பேசினான்.

"வண்டி வந்தா அவருக்குக் கேக்காதேப்பா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார் அமைப்பாளர் அம்மாள்.

"நான் பின்னாடியே ஓடுறேன் மேடம். நான் பொறுப்பு."

"எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அத நாங்க பாத்துக்குறோம்."

அந்த இடத்தில் விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சொல்லவில்லை. இடுப்புப் பையில் சுண்டுவிரல் நக அளவு கூழாங்கற்களை நிரப்பிக்கொண்டான். இடது தோளில் விழுந்தால் இடப்பக்கம் வண்டி, வலது தோளில் என்றால் வலப்பக்கம், நடு முதுகு என்றால் நில். நூறு அடிக்கு ஒன்று இடுப்பில். அதற்கு அர்த்தம், நான் பின்னால் இருக்கிறேன் என்பது மட்டும்தான்.

ஆறு கிலோமீட்டர் ஒரு குறையுமில்லை. டிங்கர் முன்னால் அம்பாகப் போனான், வெல்டர் நாக்குத் தள்ளப் பின்னால் போனான். இருவர் முதுகிலும், ஓடிய எல்லோர் முதுகிலும் 'அவர்கள் வலி நம் வலி' என்று அச்சடித்த மஞ்சள் பனியன். கல் எறிவதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். விசில் வைத்திருந்த ஒரு தொண்டன் சைக்கிளில் கூடவே வந்து, "யோவ், என்ன பண்ற நீ?" என்று ஒரு முறை அதட்டினான். வெல்டருக்கு மூச்சு விடவே நேரமில்லை, கையைக் காட்டிவிட்டு ஓடினான்.

நாற்சந்தியில் தடுப்பை யாரோ நகர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு தண்ணீர் லாரி ஹாரனை அலறவிட்டபடி பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். டிங்கர் நேரே போய்க்கொண்டிருந்தான். வெல்டர் எறிந்த கூழாங்கல் குறி தப்பியது. இரண்டாவதும் தப்பியது. சாலையோரம் கிடந்த முட்டை அளவு ஜல்லியை எடுத்து உயிரைக் கொடுத்து வீசினான். அது பின்மண்டையில் பட்டு ரத்தம் பீறிட்டது. டிங்கர் சட்டென்று நின்றான். லாரி அவன் மூக்குக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் கடந்துபோய் விளக்குக் கம்பத்தை முறித்துக்கொண்டு நின்றது.

டிங்கர் திரும்பினான். பின்மண்டையைத் தடவி, கையில் ரத்தத்தைப் பார்த்து, முறிந்த கம்பத்தையும் பார்த்து, சிரித்தான். வெல்டர் 'போ, போ' என்று கை காட்டினான். அவன் ஓடினான்.

பின்னால் வந்த கூட்டம் பார்த்தது கல்லையும் ரத்தத்தையும் மட்டும்தான்.

முதல் அடி விசில்காரனுடையது, சைக்கிள் பூட்டால் காதோரம். "ஊனமுற்றவன் மேல கல்லெறியுறியாடா, நாயே!" அடுத்தது யாருடையது என்று தெரியவில்லை. மஞ்சள் பனியன்கள் மொய்த்துக்கொண்டன. விலாவில் உதை விழுந்தது, எலும்பு முறிந்தது. யாரோ தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தார்ச் சாலையில் தேய்த்தார்கள். வெல்டரின் கை தானாக எழுந்தது. நாலு பேரை அங்கேயே சாய்க்கத் தெரிந்த கை. பத்தொன்பது தேதிகள் நினைவுக்கு வந்தன. அதைவிடப் பலமாக டிங்கரின் மூக்கு நினைவுக்கு வந்தது. இவர்கள் செய்வது அன்றைக்குத் தான் செய்ததேதான். கல்லுக்கு அர்த்தம் தெரியாமல் குத்துகிறார்கள். இரண்டு கைகளையும் இடுப்புப் பைக்குள் திணித்துக் கூழாங்கற்களை இறுகப் பிடித்துக்கொண்டான். வாயில் பல் ஒன்று ஆடியது. "கூப்பிட்டேன்யா... அவனக் கூப்பிட்டேன்..." என்று சொல்லிப் பார்த்தான். கேட்கிற காது உள்ளவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை.

முன்னால் ஓடியவனுக்கு நூறு அடிக்கு இடுப்பில் கல் விழவில்லை. இருநூறு அடிக்கும் விழவில்லை. திரும்பிப் பார்த்தான்.

அவனால் வார்த்தையாகக் கத்த முடியாது. ஓடி வந்தபடியே சாலையில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஒவ்வொரு மஞ்சள் முதுகின் நடுவிலும் எறிந்தான். நில், நில், நில். அந்த மொழி அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனபோது, விசில்காரன் பூட்டை மறுபடி ஓங்கியிருந்தான். பதினைந்து வருடம் சுத்தியல் பிடித்த கை ஒரே ஒரு முறை இறங்கியது. விசில்காரனின் தாடை பிளந்தது; நடைபாதைக் கல்லில் தலை மோதி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அதுவரை டிங்கர் ஓர் உயிரைக் கை நீட்டி அடித்ததில்லை.

அந்தத் தள்ளுமுள்ளுவில் யார் கை என்று ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த இரண்டொருவரும் தங்கள் கண்ணையே நம்பவில்லை. காது கேளாதவன் அடிக்கவும் செய்வான் என்று நம்புகிற அளவுக்கு அவர்களுக்கு விழிப்புணர்வு ஏற்பட்டிருக்கவில்லை. வெல்டரை ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். டிங்கருக்குத் தலையில் கட்டுப் போட்டு, தோளில் தட்டி, ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார்கள். அவன் டம்ளரை வீசிவிட்டு ஜீப்பின் பின்னாலேயே ஓடினான்.

ஸ்டேஷனில் அதே இன்ஸ்பெக்டர். "அந்தப் பையன் ஆஸ்பத்திரில கெடக்கான். இன்னும் கண்ணு முழிக்கல. பத்தொம்பது நாள் பொறுக்க முடியலையாடா உனக்கு?"

வெல்டர் வாயைத் திறந்தான். நான் கை வைக்கவில்லை என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக அது உண்மையாகவும் இருந்தது. அதற்குள் டிங்கர் மூச்சிரைக்க உள்ளே நுழைந்து மேஜை முன்னால் நின்றான். தோல் கிழிந்த விரல் கணுக்களைக் காட்டினான். காற்றில் ஒரு குத்து விட்டான். தன் மார்பில் அறைந்துகொண்டான். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இன்ஸ்பெக்டர் முன் நீட்டினான்.

"என்னடா சொல்றான் இவன்? கையில என்ன ரத்தம்? உனக்குத்தான் இவன் பாஷை தெரியுமே, சொல்லு."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் யாரையோ பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை போல. தடி விழும் சத்தம் கேட்டது. அறையில் டிங்கரைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

"தலையில அடிபட்ட ரத்தம் சார், தொடச்சிருக்கான்" என்றான் வெல்டர். "அந்தப் பையனக் குத்துனது நான்தானாம். இவன் நெஞ்சுலயும் நான் அடிச்சேனாம். எனக்கு வெலங்கு போடச் சொல்றான்."

"நீ என்ன சொல்ற?"

"அவன் சொல்றது சரிதான் சார்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். கான்ஸ்டபிள் வந்து வெல்டரின் தோளைப் பிடித்ததும் டிங்கருக்குப் புரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, டீக்கடையில் ஒருவன் ஊளையிட்டுக் காட்டிய அதே சத்தம். வெல்டர் அவன் முகத்தைப் பார்க்காமல் கம்பிக் கதவை நோக்கி நடந்தான். வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் பென்சில் நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். இனி அதற்கு வேலையில்லை.

நடு முதுகில் சுரீரென்று ஒரு நட்டு விழுந்தது.

"டேய்! ஸ்டேஷனுக்குள்ளயே எறியுறியா?" கான்ஸ்டபிள் தடியை ஓங்கிக்கொண்டு திரும்பினார்.

"அடிக்காதீங்க சார்!" வெல்டர் கத்தினான். "அவன் எறியல. என்னக் கூப்பிடுறான்."

"கூப்பிடுறானா? அப்ப திரும்பிப் பாரேன்டா."

இன்னொரு நட்டு அதே இடத்தில் வந்து விழுந்து தரையில் உருண்டது. வெல்டர் திரும்பாமல் உள்ளே போனான்.