ஜெர்மனியில் இருக்கிற நான்

ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ஆம்பூரில் பஸ் ஏறியதும், வழக்கம்போல போனில் அந்த கேமைத் திறந்தேன். வழக்கம்போல அதே வரி: அரசு உத்தரவின்படி முடக்கப்பட்டுள்ளது.

நான்கு வருடமாகக் கட்டிய என் தீவு அதற்குள்தான் இருக்கிறது.

பக்கத்தில் ரேவதி, என் லைனில் தைப்பவள். "இன்னாக்கா, டெய்லி தொறந்து பார்த்துட்டு மூடுறீங்க. குடுங்க, வி.பி.என் போட்டுத் தர்றேன். நீங்க ஜெர்மனில இருக்கீங்கன்னு போன் நம்பிடும்."

போட்டாள். தீவு திறந்தது. ஆடுகள் விட்ட இடத்திலேயே நின்றன.

நடுவில் ஒரு விளம்பரம். பழுப்பு நிற லேடீஸ் ஷூ, குதிகாலில் இரட்டைத் தையல். இன்று மதியம் வரை நான் தைத்த மாடல். முதல் லோடே இன்னும் கம்பெனியை விட்டுப் போகவில்லை.

கீழே ஜெர்மன் மொழியில் இருந்ததை ரேவதி தமிழில் மாற்றிப் படித்தாள். "உங்களுக்கு அருகில், இரண்டு தெரு தள்ளி."

அப்போது பஸ் பேரணாம்பட்டுக்குள் நுழைந்திருந்தது. "அதை ஆஃப் பண்ணிடுங்கக்கா," என்றாள்.

அணைத்தேன். தீவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் பார்த்தால், போனில் ஒரு கேள்வி: "இன்று எங்கள் கடைக்கு வந்தீர்கள். ஷூ பொருந்தியதா?" கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

தைத்திருக்கிறேனே தவிர, அந்த ஷூவை நான் காலில் போட்டதே இல்லை. போட்டுப் பார்த்தவள் ஜெர்மனியில் இருக்கிற நானாகத்தான் இருக்கும்.

எதை அழுத்தட்டும், சொல்லுங்கள். 'இல்லை' என்று அழுத்தி அவள் கோபித்துக்கொண்டால், தீவில் என் ஆடுகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவள் இருக்கிற ஊரில்தான் தடை இல்லையே.