அஞ்சு பஸ்ஸுக்கு ஆறு டயர்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த காசிமாயன், வேலம்பாளையத்தில் பதினாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். அவர் கை வைத்த வண்டி வழியில் நிற்காது என்று பெயர். 2006இல் தரணீதரன் புதிதாக பஸ் கம்பெனி ஆரம்பித்தபோது நேரில் வந்து அவரைக் கூப்பிட்டார். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்க அஞ்சு பழைய பஸ்கள் வாங்கியிருந்தார்.

பஸ் ரோட்டில் ஓட எப்.சி. என்கிற தகுதிச் சான்று வேண்டும். டயர், பிரேக், தீயணைப்பான், அவசர வழி எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காசிமாயன் தேவையானதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தரணீதரன் படித்துச் சிரித்துவிட்டு, ஆறே ஆறு புது டயரும் ஒரு தீயணைப்பானும் வாங்கி வந்தார். ஒரு பஸ் பாஸாகி வந்ததும் அந்த டயர்களைக் கழற்றி அடுத்த பஸ்ஸுக்கு மாட்டச் சொன்னார். அஞ்சும் பாஸாயின. அப்புறம் புது டயர்கள் குடோனுக்குப் போக, வண்டிகளுக்குப் பழையபடி மொட்டை டயர். ஒவ்வொரு பஸ்ஸிலும் பின்பக்க அவசர வழியை மறித்து நீளமாக ஒரு சீட்டும் ஏறியது. அஞ்சு பேர் கூடுதலாக உட்காரலாமே.

போல்ட்டு முறுக்கியதெல்லாம் காசிமாயன்தான். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலே குமட்டியது. மனைவி ஒச்சம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அம்புட்டு அசிங்கமா இருந்தா வேலைய விட்டுட்டு வாங்க. இல்லையா, பேசாமத் தின்னுங்க,” என்றாள் அவள்.

அவர் பேசாமல் தின்றார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, டிரைவர் குருசாமி ஓட்டிப்போன கம்பெனி பஸ் மங்கலம் ரோட்டு வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. படிக்கட்டுப் பக்கம் மண்ணில் அமுங்கிவிட்டது. பின்வழியைச் சீட்டு அடைத்திருந்தது. பக்கத்துத் தறிக் குடோன் ஆட்கள் ஓடி வந்து முன் கண்ணாடியை உடைத்து, நாற்பது பேரையும் ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஆஷா என்ற பெண்ணுக்கு மட்டும் முழங்கை நொறுங்கியது. டிரைவர் தூங்கிவிட்டான் என்று தரணீதரன் சொல்ல, குருசாமியைப் போலீஸ் கூட்டிப்போனது.

பஸ்ஸைக் கிரேன் வைத்து ரோட்டோரம் தூக்கி நிறுத்தினார்கள். மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வருவதாக இருந்தது. சாயங்காலமே தரணீதரன் ஒரு டெம்போவில் அந்த ஆறு புது டயர்களையும் ஏற்றிக்கொண்டு, ஷெட்டில் இருந்த காசிமாயனிடம் வந்தார்.

“ஏனுங்ண்ணா, இதை மாட்டிப் போடுங்க. அந்தச் சீட்டையும் கழட்டிருங்க. ஸ்டேஷன்ல பேசியாச்சுங்க.”

குரலில் அத்தனை மரியாதை. அதுதான் காசிமாயனுக்குப் பொறுக்கவில்லை. சேற்றில் கிடந்த பெண்களின் செருப்புகளையும் டிபன் பாக்ஸ்களையும் காலையில்தான் பொறுக்கி வைத்திருந்தார்.

“மொதலாளி, இம்புட்டு நாள் நான் செஞ்சதே மனுசன் செய்யிற வேலையில்ல. இதையும் செஞ்சா எம்மூஞ்சில நானே காறித் துப்பணும்.”

ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே போய், தரணீதரன் வேறு ஆளைக் கூட்டி வந்துவிடாதபடி, தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்ததும் டயரைக் காட்டினார், சீட்டைக் காட்டினார், அதை முறுக்கியது தான்தான் என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குருசாமி வெளியே வந்தான். கம்பெனியின் பர்மிட்டை ரத்து செய்தார்கள்.

காட்டிக் கொடுத்தவன் என்று காசிமாயனை அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. அனுப்பர்பாளையத்தில் பஞ்சர் கடை போட்டார். ஆஷாவின் கை நிமிரவே இல்லை, ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

ஆறு மாதத்தில் மிச்சமிருந்த நாலு பஸ்களும் வேறு பெயிண்ட் அடித்துக்கொண்டு, தரணீதரனின் மாமனார் பேரில் ஓடத் தொடங்கின. அதில் ஒன்று ஒருநாள் காற்றடிக்க வந்து நின்றது. ஓட்டி வந்தவன் குருசாமி.

“பொழப்பு இருக்குல்லண்ணே,” என்றான், தலையைக் குனிந்தபடி.

அவனைத் திட்டக்கூட காசிமாயனுக்கு மனம் வரவில்லை. இங்கே காற்று இல்லை என்று மட்டும் சொல்லி, பஸ் போகிறவரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.