துரையின் காலடியில்

என் மகள் இரண்டு கிழமையாக வேலைக்குப் போவதில்லை. ஆனால் வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழும்பி, சாப்பாடு கட்டிக்கொண்டு, வேலைத்தலத்து வாசலில் கோரிக்கை எழுதின ஒரு மட்டையைப் பிடித்தபடி பின்னேரம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். ஸ்ட்ரைக்காம். நேற்று நாங்கள் இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுண் முழுக்கப் பனி. பதினாலாம் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னாள்:

"அம்மா, இண்டைக்கு மனேஜர் எல்லாருக்கும் கோப்பி வாங்கித் தந்தவர்."

"ஆருக்கு எதிரா நிக்கிறியளோ, அந்த ஆளோ தந்தவர்?"

"ஓம். குளிருக்கை நிக்கிறம் எண்டு பாவம் பாத்திருப்பார்."

"பிறகு?"

"பிறகென்ன, குடிச்சு முடிச்சிட்டுத் திரும்பவும் கத்தினனாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய வாசல் கார்ட்டை அவள் கழற்றி மேசையில் வைத்தாள். அது இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்களாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் எனக்கு ஐயாவின் பித்தளைத் தகடு ஞாபகம் வந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம். இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில், கப்பல்களுக்கு எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய தாங்கிகள் இருந்தன. ஐயாவுக்கு அங்கே குழாய்களைப் பார்க்கிற வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்களையும் கூட்டிக்கொண்டு வந்து, கொம்பனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயன் வீட்டில் வைத்திருந்தார். எங்கள் உடுப்பு, பாய், தலைமயிர் எல்லாம் எண்ணெய் மணக்கும். நுளம்பு வராது என்று அம்மா அதிலும் ஒரு நன்மை கண்டிருந்தா.

ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு வட்டத் தகடு உண்டு. நடுவில் இலக்கம் வெட்டியிருக்கும். வாசலில் அதைக் காட்டினால்தான் உள்ளே போகலாம். எல்லாம் சீமையிலிருந்து செய்து வந்தவை. ஓர் இலக்கத்துக்கு ஒரு தகடுதான்.

தாங்கிக்குள் இறங்கி எண்ணெய்க் கசடு சுரண்டுகிற ஆட்கள் மூச்சு முட்டி விழுந்துகொண்டிருந்தார்கள். மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஆளை மாற்ற வேணும் என்று கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்ததும் எல்லோருமாக வேலையை நிறுத்தினார்கள். உடனே கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு கட்டளை வந்தது. வேலைக்கு வராதவன் தகட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேணும்; கொடுத்தவன் வேலையை விட்டவன்; அவனுடைய இலக்கத்தில் வேறு ஆள் வருவான் என்றார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. அப்படி ஒரு பதிலைக் கச்சேரி யோசித்திருக்கவில்லை போலும். நாலு நாள் கழித்து இரண்டாவது கட்டளை வந்தது. கச்சேரியின் வெள்ளைக்காரத் துரையே வீடு வீடாக வந்து தகடுகளை எடுப்பார். தகடு அகப்பட்டால் அன்றைக்கே வீடும் காலி.

"தகடு எங்களிட்டை இருக்கும் மட்டும் என்ரை இடத்திலை இன்னொருத்தன் நிக்கேலாது," என்று ஐயா அம்மாவிடம் சொல்லி, அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் கண்டது தகட்டை அல்ல, நல்ல ஒரு சில்லை. முற்றத்தில் கட்டம் கீறிக் கெந்தி விளையாடுவதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் உடைந்த ஓட்டுத் துண்டுகள். எறிந்தால் துள்ளிக் கோட்டுக்கு வெளியே போய்விடும். பித்தளை என்றால் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

துரை வந்த காலையில் ஆண்கள் எல்லோரும் கடற்கரையில் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் முற்றத்தில் தனியே கெந்திக்கொண்டிருந்தேன். தகடு மூன்றாம் கட்டத்தில் கிடந்தது. படலை திறந்து, முதலில் ஒரு கொன்ஸ்டபிள், பிறகு சிவத்த முகத்தோடு துரை, அவருக்குப் பின்னால் கோட்டும் தலைப்பாகையுமாகக் கச்சேரி முதலியார். துரை சொல்வதைத் தமிழில் எங்களுக்கும், நாங்கள் சொல்வதை இங்கிலீசில் துரைக்கும் சொல்வதுதான் முதலியாரின் உத்தியோகம்.

துரை நேராக நடந்து வந்து மூன்றாம் கட்டத்தில் நின்றார். ஒரு சப்பாத்து சரியாகத் தகட்டின் மேல்.

கொன்ஸ்டபிள் உள்ளே போய்ப் பெட்டியைக் கவிழ்த்தான், அரிசிப் பானைக்குள் கையை விட்டான். கடைசியாகச் சாமிப் படத்தைத் தூக்கினான். வாசலில் நின்ற அம்மா கண்ணை இறுக்கி மூடினா. படத்துக்குப் பின்னால் ஒரு பல்லிதான் இருந்தது. அம்மா கண்ணைத் திறந்து, வெறும் சுவரைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்த பார்வை இப்பவும் எனக்கு மறக்கவில்லை.

துரை என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"பிள்ளை, ஐயாவின்ரை தகடு எங்கை எண்டு துரை கேக்கிறார்," என்றார் முதலியார்.

"அவள் ஆரோடையும் கதையாள் ஐயா, வெக்கம் பிடிச்சது," என்று அம்மா அவசரமாகச் சொன்னா.

அது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டாலே நான் நிலத்தைப் பார்ப்பேன். ஆனால் பெரியவர்களுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று அம்மாவே அடித்துச் சொல்லித் தந்திருக்கிறா. அதோடு, அந்த மனுசன் கட்டத்தை விட்டு விலகினால்தானே நான் விளையாடலாம்? அன்றைக்கென்று வாய் திறந்துகொண்டது.

"துரையின்ரை காலடியிலை," என்றேன்.

அம்மா வாயைப் பொத்தினா. முதலியார் குனிந்து துரையின் சப்பாத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இரண்டு கையையும் கூப்பி, உருக்கமான குரலில் இங்கிலீசில் நீளமாக ஏதோ சொன்னார். நான் சொன்னது இரண்டே இரண்டு சொல். துரையின் முகம் இன்னும் சிவந்து, பிறகு இளகியது. அவரும் ஏதோ சொன்னார். முதலியார் என் பக்கம் திரும்பினார்.

"துரை சொல்லுறார், எங்கடை அரசாங்கத்திலை ஒருத்தரும் ஒருத்தற்றை காலடியிலையும் விழத் தேவையில்லையாம். பயப்பிடாமல் எழும்பட்டாம்."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"இல்லை, நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"விளங்கினது, விளங்கினது. வாயை மூடு."

துரை என் தலையில் ஒருதரம் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அவர் காலை எடுத்த உடனே முதலியார் அந்த இடத்தில் தன் காலை வைத்தார். கொன்ஸ்டபிளை முன்னே போகச் சொல்லிவிட்டு, சப்பாத்து நுனியால் மணலை இழுத்து இழுத்துத் தேய்த்தார். என் மூன்றாம் கட்டத்தின் கோடு நாலு பக்கமும் அழிந்துபோனது. பிறகு துரைக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஐயா வந்ததும் முறைப்பாடு சொன்னேன். அம்மாவிடம் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தபடியால் விம்மி விம்மித்தான் சொன்னேன்.

"அந்த முதலியாருக்குத் தமிழும் தெரியாது, கெந்தவும் தெரியாது. கட்டத்துக்கை நிண்டு கோட்டை எல்லாம் அழிச்சுப் போட்டார்."

"காலடியிலை எண்டோ சொன்னனீ?" என்று ஐயா மூன்று தரம் கேட்டார். பிறகு முற்றத்தில் குந்தியிருந்து விரலால் மணலைக் கிண்டினார். தகடு வந்தது. அதைத் துடைத்தபடியே அவர் சிரிக்கத் தொடங்கினார். அம்மாவும் சேர்ந்து சிரித்தா. கோடு அழிந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் கூடியது.

மற்ற வீடுகளிலும் துரைக்கு ஒரு தகடும் அகப்படவில்லை; அடுத்த கிழமையே கொம்பனிக்காரர் இறங்கி வந்தார்கள். வாசல்காரனுக்குத் தகடு இல்லாத புது ஆட்களை உள்ளே விட அதிகாரம் இல்லை, அவன் விடவில்லை, கப்பல்களோ எண்ணெய்க்குக் காத்துக்கொண்டு நின்றன. தாங்கிக்குள் ஆள் மாற்றுவதற்கு ஒத்துக்கொண்டார்கள். ஐயா பழைய இலக்கத்தோடே பழைய வேலைக்குப் போனார். எங்களுக்கு அந்த லயன் வீட்டில் இன்னும் ஆறு வருசம் சந்தோசமாகப் போனது.

அந்த வருசம் கோயில் கொடியேற்றத்துக்குப் போனபோது முதலியார் மனைவி பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார். ஐயா ஒதுங்கி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். முதலியார் எங்களைக் கண்டார். கண்டும், ஆரோ தெரியாத ஆட்களைப் போல முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். மரியாதையும் தெரியாத மனுசன்.

"உவருக்கு ஏன் கும்பிடுறியள்?" என்று ஐயாவின் சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

ஐயா அந்தத் தலைப்பாகை சனத்துக்குள் மறையும் வரைக்கும் கையை இறக்கவில்லை.