கட்டம் கட்டமாகிப் போன மகளின் முகம்

என் மகள் செல்வி இறந்த பின் எங்களிடம் இருந்தது அவளுடைய ஒரே போட்டோதான். ஏற்காட்டு மழை ஈரத்தில் அதில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. முகத்துக்குப் பரவும் முன் காப்பாற்றலாம் என்று ஒண்டிக்கடை முக்கில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஸ்கேன் செய்தார்.

"ஏனுங்கம்மா, இத்தனை பெருசு பிளாப்பியில கொள்ளாதுங்க. படத்தைச் சின்ன ஃபைலாக்குற ஜேபெக்ல நல்லாக் குறைச்சுப் போட்டுரட்டுங்களா?"

கூச்சத்தில் வேறொன்றும் கேட்காமல், "சரிங்க சாமி" என்றேன். பெரியதை அழித்துவிட்டு, குறைத்ததைக் கொடுத்தார். திரையில் சின்னதாகப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மழையில் போட்டோ முழுவதும் அழிந்தது. திதிக்கு மாட்டுவதற்குப் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னேன். கண், மூக்கு எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன.

"வேற வகை ஃபைலா மாத்திப் பாருங்க சாமி" என்று அழுதேன்.

மாற்றினார். "ஃபைலுதான் பெருசாச்சுங்கம்மா. குறைக்கையில போன முகம் திரும்ப வராதுங்க" என்றார்.

இப்போது பேரப்பிள்ளைகளின் படங்களைக் குறைக்காமல் முதலில் சி.டி.யில் வைக்கச் சொல்லி, நகலைத்தான் சின்னதாக்கச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். செல்விக்கு எந்தக் கன்னத்தில் குழி விழும் என்று என் வீட்டுக்காரரும் நானும் ஆளுக்கொரு பக்கம் சொல்கிறோம்.