எழுபது கிலோ நம்பிராஜன்

முத்துவடிவுக்குப் புருஷனைத் தூக்கவே பயம். அவள் ஊரான குத்துக்கல்வலசையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு குடத்தோடு வரப்பில் ஓட்டமாக வந்தவள் அவள். ஐம்பத்து நான்கு வயதாகியும் கைகால் வலி என்று உட்கார்ந்ததில்லை. ஆனாலும் பயம் பயம்தான், அது உடம்பின் பலத்தைப் பார்த்தா வரும்?

புருஷன் நம்பிராஜன் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு வாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. எழுபது கிலோ ஆள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒருநாள் இவள் தனியாகத் தூக்கினாள். தண்ணீர்க் குடத்தை எடுக்கிற பழக்கம், சும்மா இருக்குமா? அக்குளில் கை கொடுத்து, இடுப்பை ஒடித்து, ஆளை இடது இடுப்புக்குச் சுண்டி இழுத்தாள். குடம் வந்து இடுப்பில் உட்காரும். மனிதர் உட்காரவில்லை. சிமெண்டுத் தரையில் நெற்றி அடித்து விழுந்தார். ரத்தத்தைத் துடைக்கப் போனபோது அவர் நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவளிடமிருந்து மறைத்துக்கொண்டார். அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பக்கத்து வீட்டுப் பாண்டிதான் வந்து தூக்கினான். அவன் புரட்டாசியில் துபாய்க்குப் போகிறான். மகன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ பனியில் நிற்கிறான். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புண் வைத்து மாமனார் செத்ததை முத்துவடிவு கண்ணால் பார்த்தவள். அந்த நாற்றம் இன்னும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, தென்காசியில் அதீபா நடத்துகிற உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். முற்பகலில் பெண்களுக்கு மட்டும் நேரம். வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கிலோ ரோஸ் கலர் டம்பெல்லை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான சங்கரேஸ்வரி டீச்சர் அவள் காதோரம் சொன்னாள்: "கனத்தத் தொட்டுராதீய. கர்ப்பப்பை எறங்கிரும். பெறவு தையல் போட்டு மேல ஏத்தணும்."

முத்துவடிவு நடுங்கிப்போய் ரோஸ் டம்பெல்லை எடுத்தாள். தான் விழுந்துவிட்டால் அவரை யார் பார்ப்பது?

அதீபா அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அக்கா, லேசான எடையும் நல்லதுதான். நெறைய தடவ தூக்கினா அதுலயும் ஒடம்பு தேறும். ஆனா நீங்க அண்ணாச்சிய இருவது தடவையா தூக்கப் போறீய? ஒரே தடவ, மொத்தமா. அதுக்குக் கனத்தத் தூக்கித்தான் பழகணும்."

"டீச்சர் என்னமோ சொல்லுதாவளே."

"டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. அவுக சரின்னு சொன்னா கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவோம். மூச்ச மட்டும் புடிச்சிக்கிட்டு முக்காதீய."

டாக்டர் சரி என்றார். எடைத் தட்டு மாட்டாத வெறும் கம்பியில் தொடங்கினாள். அப்போதும் இடுப்பு இடது பக்கம் ஒடிந்தது. "குடம் எடுக்காதீய, நெஞ்சோட ஒட்டி நேரா எந்திங்க" என்று அதீபா கத்தாத நாளில்லை. எடை முப்பதானது, நாற்பதானது. ஒவ்வொரு தட்டு ஏறும்போதும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கம்பியைக் குனிந்து பிடித்தால் கம்பி தெரியாது, சிமெண்டுத் தரையில் அவர் நெற்றிதான் தெரியும்.

"இன்னைக்கு எம்புட்டு?" வீட்டுக்கு வந்ததும் நம்பிராஜன் குழறலாகக் கேட்பார்.

"நாப்பத்தஞ்சு."

"நான் எழுவதுலா" என்று சொல்லிவிட்டுச் சோற்றுத் தட்டை நகர்த்திவிடுவார். போதும், பசியில்லை என்பார். சாரல் காலத்து மந்தம் என்று அவளும் மிச்சத்தை எடுத்துப் போவாள்.

பாண்டி துபாய்க்குப் போனான். அப்போது அவள் அறுபதில் நின்றாள். இன்னும் பத்து கிலோ பாக்கி, நாளோ இல்லை. மறுநாள் காலை கட்டிலருகே நாற்காலியைப் போட்டாள். அவர் பயத்தில் உடம்பை விறைத்துக்கொண்டு கிடந்தார்.

"விட்டுராத, வடிவு."

"விடமாட்டேன்."

முழங்காலை மடக்கி, அவரை நெஞ்சோடு சேர்த்து, எழுபது கிலோவுக்கு வேண்டிய பலத்தையெல்லாம் திரட்டி எழுந்தாள்.

அவர் பொசுக்கென்று வந்துவிட்டார். பலம் மிஞ்சி அவளே பின்னால் சாயப் பார்த்தாள். சமாளித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஐம்பது கிலோவின் கனம் அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இது அவ்வளவுகூட இல்லை. தினமும் துடைத்துவிட்ட உடம்புதான். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவு தெரியவில்லை. சட்டையை விலக்கினாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கீழே போட்ட அன்று வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"என்ன செய்யுது ஒங்களுக்கு? ஏன் இப்படி ஆயிட்டீய?"

நம்பிராஜன் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது.

"நீ ஏறிக்கிட்டே வந்த. நான் எறங்கி வந்தேன். நடுவுல எங்கனயாவது சந்திச்சிக்கலாம்னு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போய் நான்கு இட்லி எடுத்து வந்து பிசைந்தாள்.

"வேண்டாம்ட்டி, கனம் கூடிரும்" என்றார் அவர், மெய்யாகவே பயந்து.

"கூடட்டும்" என்று முதல் கவளத்தை ஊட்டினாள்.