நான் கண்ணால் பார்த்த ஒரே லாரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் போட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டித் தட்டி வரவழைத்த எழுத்து அது. பிற்காலத்தில் எனக்கு வந்த தொந்தரவுகளில் பாதிக்கு அந்த டீச்சர்தான் காரணம்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். போலீஸார் ஒரு பொருளைக் கைப்பற்றினால், இன்ன இடத்தில் இன்னார் முன்னிலையில் எடுத்தோம் என்று ஒரு தாள் எழுதுவார்கள். அதற்கு மகஜர் என்று பெயர். இன்னார் என்று இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஸ்டேஷனில் எழுதிய மகஜர்களில் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் நான்தான். கூப்பிடு தூரத்தில் இருந்தேன், எழுதத் தெரிந்திருந்தது, மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சக்கரத்தைப் பார்த்துத்தான் பேசுவேன்.

முதல் தடவை ஏட்டையா கூப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"ஏலே, பம்ப கீழ வச்சிட்டு இங்கன வா. ஒரு கையெழுத்து."

"என்னதுக்கு ஏட்டையா?"

"சேவக்கட்டு கேசு. ரெண்டு சேவல் பிடிச்சிருக்கு."

"சேவல் எங்க?"

"சேவல் பைய வரும். நீ மொதல்ல போடு."

போட்டேன். சேவல் வரவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பின்பக்கமிருந்து குழம்பு வாசனை மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு அரிவாள், சாராயக் கேன், திருட்டு மோட்டார், வெள்ளாடு என்று எத்தனையோ பொருட்களை நான் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றையும் பார்த்ததில்லை. ஆனால் வழக்கு கோர்ட்டுக்கு வரும்போது சாட்சிக் கூண்டில் ஏறி, பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் அரசு வக்கீலோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது.

அவரும் எங்கள் ஊர்தான், வாத்தியார் மகன். அவர் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அரசு வக்கீல் ஆனார். ஆனாலும் அந்தப் பதவியை அவர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு மாதிரிதான் வைத்திருந்தார். வண்டி வரும்வரை உட்காருவதற்கு. அவர் எதிர்பார்த்த வண்டி சட்டசபைக்குப் போவது. ஒரு தடவையாவது எம்.எல்.ஏ. ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு நினைப்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் நீதிபதி ஒருவர்தான் இருப்பார். இவரோ அந்த ஒருவருக்குப் பின்னால் ஐயாயிரம் பேர் நிற்பதுபோலக் கையை உயர்த்திப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை, கோயில் கொடைக்கு முதல் ஆள், நோன்புக் கஞ்சிக்கும் முதல் ஆள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கும் ஓட்டு உண்டு என்பதை அவர் மறந்ததே இல்லை. ஒருவனுக்கு இரண்டு வருஷம் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு, வராந்தாவில் அவன் தாயாரிடம் போய், "கவலப்படாதீய ஆத்தா, வீட்டுல எத்தன ஓட்டு?" என்று விசாரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

எனக்குச் சாட்சி சொல்லப் பழக்கியவர் அவர்தான். கோர்ட் வராந்தாவில் நிறுத்தி வைத்து, மூன்று விரலை நீட்டிச் சொன்னார்.

"மொத்தம் மூணே பதில்தான்வே. ஒண்ணு, ஆமா. ரெண்டு, இல்ல. மூணு, ஞாபகம் இல்ல. நாலாவதா ஒரு பதில் சொன்னவன் சாயங்காலம் பஸ்ஸ பிடிச்சு ஊரு போய்ச் சேந்ததில்ல."

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. உலகத்தில் எல்லாரும் என்னிடம் மூன்று பதில்களோடு திருப்திப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல்கள் எவ்வளவு கத்தினாலும் நான் அந்த மூன்றைத் தாண்டியதில்லை. "இந்த ஆளை அசைக்க முடியாது" என்று அவர்கள் பேசிக்கொண்டதாக ஏட்டையா பெருமையாகச் சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த லாரி வந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஆற்றில் குளிக்கப் போனேன். படித்துறைக்குக் கீழே, மணலுக்கு நடுவில், பாரம் ஏற்றிய ஒரு லாரி பின்சக்கரம் புதைந்து நின்றது. எங்கள் ஆற்றில் மணல் அள்ளக் கூடாது என்று தடை இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டிரைவர் என்னைக் கண்டதும், "அண்ணே, நல்ல ஜாக்கி ஒண்ணு கெடைக்குமா?" என்றான். அப்போதும் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கடைக்குப் போய் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், லாரிக்குப் பக்கத்தில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. நிற்கிறார். சின்ன வயது. அது யார் லாரி என்று அவருக்கு அப்போது தெரியாது. அங்கேயே மணலில் உட்கார்ந்து மகஜர் எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பொருளைப் பார்த்து, தொட்டு, சுற்றிவந்து கையெழுத்துப் போட்டேன். பின்பக்க இடது டயர் மொட்டையாக இருந்தது. என் தொழிலில் நம்பர் மறந்தாலும் டயர் மறக்காது.

லாரி ஆளுங்கட்சியின் எங்கள் ஒன்றியச் செயலாளருடைய மைத்துனருக்குச் சொந்தம். இரண்டு வாரத்தில் எஸ்.ஐ.க்கு மாற்றல் வந்தது.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, உண்மையைச் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பிலேயே விடியும் முன்பு எழுந்து குளித்துவிட்டேன். என் மனைவி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். மணல் அள்ளிய குழியில் படித்துறையின் கடைசி மூன்று படிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவள் துணி துவைக்கும் கல்லும் உள்ளே போயிருந்தது. "நல்லா நிமுந்து நின்னு சொல்லுங்க" என்று அனுப்பினாள்.

வராந்தாவில் அரசு வக்கீல் என் தோளில் கை போட்டார்.

"இன்னைக்கு மூணாவது பதில் மட்டும் போதும்வே."

"ஐயா, இத நான் நெசமாவே பாத்தேன்."

"அதான் சொல்லுதேன். பாத்தவனுக்குத்தான ஞாபகம் இல்லாமப் போவும்."

கூண்டில் ஏறினேன். லாரியைப் பார்த்தீரா என்று கேட்டார். ஞாபகம் இல்லை என்றேன். உடனே அவர் இடி விழுந்ததுபோல முகத்தை மாற்றிக்கொண்டு, இந்தச் சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது. "எதிரிகளோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறீர் என்கிறேன்" என்று என்னைப் பார்த்து முழங்கினார். எதிரிகள் யார் என்று எனக்குப் புரியவில்லை. ஞாபகம் இல்லை என்றேன். வழக்கு தள்ளுபடி ஆனது. வெளியே வந்ததும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்து, "குரலு கொஞ்சம் ஏறிப்போச்சு, மனசுல வச்சுக்காதேயும்" என்றார். வீட்டுக்குப் போனேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

தேர்தல் வந்தது. சீட்டுக் கேட்டு அரசு வக்கீல் விருப்ப மனு கொடுத்தார். ரைஸ் மில் அண்ணாச்சியும் கொடுத்தார். கட்சியில் அவர் இவரைவிடப் பழைய ஆள். யாருக்கு மக்கள் செல்வாக்கு என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அரசு வக்கீலே என் கடைக்கு வந்து, டியூப்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வே, என் சீட்டு இப்ப உம்ம வாயிலதான் இருக்கு."

நான் கையிலிருந்த டியூப்பைக் கீழே வைத்தேன்.

"பொதுமக்கள்ல ஒருத்தரு எந்திரிச்சி என்னப் பத்தி நாலு வார்த்த சொல்லணும். பேசத் தெரிஞ்சவன் சொன்னா நம்ப மாட்டாவ. உம்மள மாதிரி கூச்சப்படுத ஆளு சொன்னா நம்புவாவ."

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "இவிய வாயில நாலு வார்த்த சேந்தாப்புல வந்து நானே கேட்டதில்ல. மேடையில என்னத்தச் சொல்லுவாவ?"

"நாலு வேண்டாம்மா. ஆமாங்கது ஒண்ணு வந்தாப் போதும்."

"படித்துறை சாஞ்சு கெடக்கே, அதயும் சொல்லச் சொல்லவா?"

"ஜெயிச்சதும் என் மொதக் கையெழுத்தே அதுக்குத்தான்மா" என்றார். அவள் அதை மனதில் குறித்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேலிடத்துக்காரர் பருத்த மனிதர், இளநீர் குடித்துக்கொண்டே கேட்டார். முன் வரிசையில் ஒன்றியச் செயலாளர். என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அரசு வக்கீல் கோர்ட்டில் கேட்பது போலவே ஆரம்பித்தார்.

"நீர் பொதுமக்களில் ஒருவர் என்பது சரிதானே?"

"ஆமா."

"இல்லாதவர்களுக்காக நான் வாதாடியதை நீர் நேரில் பார்த்திருக்கிறீர்?"

"ஆமா."

அடுத்த கேள்விக்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "மேலிடத்துக்கு ஒரு வார்த்த. நானும் இவருகிட்ட ரெண்டு கேள்வி கேட்டுக்கிடுதேன்." இளநீர்க்காரர் தலையசைத்தார்.

"வே, மணல் லாரி கேசுல நீருதான சாட்சி?"

"ஆமா அண்ணாச்சி."

"லாரியக் கண்ணால பாத்தீரா?"

அரசு வக்கீலைப் பார்த்தேன். துண்டுக்குக் கீழே மூன்று விரல் நீட்டியிருந்தார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் தாளில் இருந்ததைத்தான் கேட்டார்கள். அண்ணாச்சி லாரியைக் கேட்டார். நான் பார்த்தது அந்த ஒன்றுதான்.

"பாத்தேன்" என்றேன். "பின்பக்கம் இடது டயரு மொட்ட." மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

"பொறவு கோர்ட்டுல ஞாபகம் இல்லன்னீரே. யாரு சொல்லச் சொன்னா?"

"ஐயாதான்."

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து, "இன்னும் நான் என்ன சொல்லணும்?" என்றார். அரசு வக்கீலின் நெற்றியில் வேர்வை ஓடியது. ஒரு மனிதரின் ஒரே ஆசையை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டோமே என்று மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலிடத்துக்காரர் இளநீரைக் கீழே வைத்தார். "லாரி யாருதுப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"நம்ம செயலாளர் ஐயாவுக்கு மச்சினருது."

செயலாளர் மணமேடையில் இருக்கும் மாப்பிள்ளைபோலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மேலிடத்துக்காரர் அவரைப் பார்த்தார். அரசு வக்கீலைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதி, அடியில் கோடும் போட்டார். அப்போதுதான் அண்ணாச்சியின் முகம் மாறியது. தான் நிரூபித்தது வக்கீலின் குற்றத்தை அல்ல, கட்சி விசுவாசத்தை என்று அவருக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை. பயத்தில் மூன்று நாள் கடை திறக்கவில்லை.

நான்காம் நாள் வெடிச் சத்தம். வேட்பாளராக வந்து நின்ற அரசு வக்கீல், கிரீஸ் கையோடு நின்ற என் தோளில் பொன்னாடை போர்த்தினார். காதோடு சொன்னார்: "நல்லவேள நாஞ் சொன்னத நீரு கேக்கல. மூணாவது பதிலச் சொல்லியிருந்தா கத கந்தல்."

பிரசாரத்தில் எங்கள் படித்துறைக்கே வந்து, சாய்ந்த படியில் கவனமாகக் கால் வைத்து இறங்கி, ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி, இந்தத் தாமிரபரணியை என் உயிரைக் கொடுத்துக் காப்பேன் என்றார். அவருக்குப் பின்னால் குடை பிடித்து நின்றவர் செயலாளரின் மைத்துனர். மக்கள் கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது.

ஜெயித்துவிட்டார். நன்றி சொல்ல ஜீப்பில் ஊர் ஊராக வந்தவர் என் கடை முன்னால் நிறுத்தி இறங்கினார். சுற்றி ஐம்பது அறுபது பேர்.

"வே, என் வெற்றிக்கு மொதச் சாட்சி நீருதான். எனக்குத்தான போட்டீரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த டியூப்பைப் பார்த்துச் சொன்னேன்.

"ஞாபகம் இல்லங்கய்யா."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. கூண்டில் நிற்பவனைப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறந்த ஊர், சொந்தக் கடைத்தெரு, குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் என் மனைவி கேட்டாள். "நெசமா யாருக்குப் போட்டிய?"

அண்ணாச்சி கோபத்தில் சுயேச்சையாக நின்றிருந்தார். அவருக்குப் போட்டேன் என்றேன்.

"தெரியும். நீங்க போட மாட்டியன்னுதான் நான் வக்கீலய்யாவுக்குப் போட்டேன். படித்துறைய யாரு கட்டித் தருவா?"

இப்போதும் கடைசி மூன்று படிகள் சாய்ந்துதான் இருக்கின்றன. அவள் நாலாவது படியில் நின்று துவைக்கிறாள். ஜீப் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறாள்.