நடுப்பள்ளம்

தீட்ட வந்த சவரக்கத்தியைக் கண்ணாடிப் பலகைமேல் கிடத்தி, முதுகின் ஒரு முனையைச் சுண்டுவிரலால் தட்டுவார். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "கோணல்" என்பார், மகளுக்கு நல்ல இடம் அமைந்த சேதியைச் சொல்வதுபோல. முப்பத்தோரு வருடமாக எந்தச் சவரக்கத்தியைப் பார்த்தாலும் வாயில் வருகிற முதல் சொல் அதுதான் என்பதால், முடிதிருத்தும் கடைகளில் அவருக்குக் கோணலார் என்று பெயர். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று அவரும் விட்டுவிட்டார்.

நல்ல கத்தி வந்தால் தொடமாட்டார். "நல்ல கத்தியை எவன் வேணும்னாலும் தீட்டுவான். அதுக்கு நான் எதுக்கு?" அவருக்கு வேண்டியது தொழிற்சாலையிலேயே முறுக்கிக்கொண்டு பிறந்தது, கூர்விளிம்பின் நடுவில் தொந்தி தள்ளியது, இந்த மாதிரி. மார்க்கர் பேனாவால் விளிம்பு நெடுகக் கறுப்பாகக் கோடு இழுத்து, தீட்டுக்கல்லில் இரண்டு தடவை தள்ளிப் பார்ப்பார். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே கல் படவில்லை, கோளாறு அங்கேதான். "எங்கே வலிக்குது, சொல்லு ராசா" என்று கத்தியிடமே கேட்பார். பிறகு அதன் போக்குக்கே மணிக்கட்டை வளைத்து வளைத்துத் தீட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். கத்திமேல் அத்தனை பரிவு. செய்தவன்மேல் துளியும் கிடையாது. "அவசரத்துல பெத்துப் போட்டிருக்கான்."

கோளாறு இன்னதென்று ஒரு அட்டைத்துண்டில் எழுதி, நூலால் கத்தியின் பிடியில் கட்டிக் கொடுப்பது வழக்கம். அட்டையில் எழுதியது ஒருநாளும் தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. கூர் ஏறியதா என்று இடது முன்கை முடியில்தான் சோதிப்பார். ஆகவே இடது கை மழமழவென்று இருக்கும். வலது கையில் காடு. "நான் வலது கைக்குத்தான் வாக்கப்பட்டேன்" என்பார் வீட்டம்மா.

அந்த வீட்டில் மொண்ணையாகக் கிடப்பது காய் நறுக்கும் கத்தி மட்டும்தான். மூன்று வருடத்தில் இரண்டு வாங்கியாயிற்று. அவர் தீட்டித் தந்த மறுநாளே இரண்டும் அடியிலும் நுனியிலும் வெட்டும், நடுவில் தக்காளியை நசுக்கும். "கத்தியில நடுப்பள்ளம். மட்டமான கம்பெனி" என்று இரண்டுக்கும் அட்டை எழுதிக் கட்டிவிட்டார். வீட்டம்மா இரண்டையும் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டு, கடையில் பல் வைத்த கத்தி ஒன்று வாங்கிக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளைக்கு இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலை; முடியளவு பிசகினாலும் திருப்பி அனுப்புகிறவர். ஆறு மாதத்தில் அவரிடம் ஒரு குறையும் அகப்படவில்லை என்பது கோணலாருக்கு உறுத்தலாகவே இருந்தது. "இன்னும் மை தடவிப் பார்க்கலை" என்பார். போன வாரம் மாப்பிள்ளை தன் புதுச் சவரக்கத்தியைக் கொடுத்து, "மாமா, உங்க கையால தீட்டித் தரணும்" என்றார்.

கண்ணாடிமேல் அது சத்தமே போடவில்லை. வழக்கம்போல் அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். மாப்பிள்ளை கத்தி ஆயிற்றே, கல்லில் வைத்துவிட்டார். இரண்டு ஓரமும் மை அழிந்தது, நடுவில் அப்படியே நின்றது. கோணலாருக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே போன் போட்டார்.

"நடுப்பள்ளம் மாப்ளே. கண்ணாடிக்கே தெரியாத கோளாறு. உங்களை ஏமாத்திட்டான்."

"நான் அளந்து பார்த்துத்தானே மாமா வாங்கினேன்" என்றார் மாப்பிள்ளை. "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அட்டை எழுதிக் கட்டி வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து வாங்கி, அப்படியே கம்பெனிக்கு அனுப்பிடறேன்."

செய்தவனே படிக்கப்போகிற அட்டை. கோணலார் பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடி கண்ணாடியில் தட்டினார்; கத்தி ஊமையாகக் கிடந்தது. கண்ணாடிப் பலகையை மாற்றினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இப்ப வர்ற மை எல்லாம் மையா?" என்று வேறு பேனா வாங்கி வந்தார். நடுவில் மை நின்றது நின்றபடிதான். மூன்று நாளாகியும் அட்டை வெறுமையாகவே தொங்கியது. தப்பாக எழுதிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அதைவிட, மாப்பிள்ளை அந்தத் தப்பைத் தெரிந்துகொண்டும் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்பதுதான் பெரிய பயம்.

ஞாயிறு காலை டீ கொண்டுவந்த வீட்டம்மா, கத்தியின் நடுவில் நின்ற மையைக் குனிந்து பார்த்தார். உள்ளே போனார். ஆணியில் தொங்கிய இரண்டு கத்திகளையும் அட்டையோடு கொண்டுவந்து அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

"மூணு கம்பெனிக்காரனும் கூடிப் பேசி ஒரே இடத்துல பள்ளம் பறிச்சிருக்கான் போல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

டீ ஆறியது. கோணலார் கண்ணாடிப் பலகையை எடுத்து, அதன் விளிம்பைக் கல்லின் குறுக்கே நிறுத்திக் குனிந்து பார்த்தார். இரண்டு ஓரமும் கண்ணாடியைத் தொட்டன. நடுவில் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தது. முப்பத்தோரு வருடமாகத் தொந்திக் கத்திகளுக்கு மடி கொடுத்துக் கொடுத்துக் கல் பள்ளமாகியிருந்தது. இத்தனை கத்திகளிடம் எங்கே வலிக்குது என்று கேட்டவர், கல்லிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசலில் வண்டி வந்து நின்றது. மகளின் குரல் கேட்டது. மேசை இழுப்பறை திறந்துதான் கிடந்தது, கல் அதற்குள் கச்சிதமாக அடங்கும். கோணலார் மாப்பிள்ளையின் கத்தியிலிருந்து வெறும் அட்டையை அவிழ்த்தார். அதில் ‘நடுப்பள்ளம்’ என்று எழுதினார். நூலைக் கல்லைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மாப்பிள்ளை வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு எதிரே, எழுத்து அவர் பக்கம் தெரியும்படி நகர்த்தி வைத்தார்.